லிமிங்டனிலிருந்து ஷெர்பூருக்கு: நண்பர்களோடு பாய்மரப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முழுமையான வழிகாட்டி

ஐல் ஆஃப் வைட் தீவின் மேற்கு முனையில் நிற்கும் நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுக வாயிலுக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய நேர் தெற்கே இறங்கும். நீளம் 60 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 5 கடல் மைல் போகிற படகுக்கு பன்னிரண்டு மணி நேரம். தென் இங்கிலாந்தில் பாய் கட்டப் பழகியவர்களில் பலர் முதன்முதலாக அக்கரை பார்ப்பது இந்தக் கோட்டில்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குத் தோணிகளைப் பார்த்து வளர்ந்தேனே தவிர, பாய்க்கயிற்றை முதலில் கையில் பிடித்தது முப்பத்தைந்து வயதில், இங்கே வேலைக்கு வந்த பிறகு. இதுவரை ஆறு தடவை ஷெர்பூர் போயிருக்கிறேன். பாதியில் திரும்பியது ஒரு தடவை, கிளம்பாமலே விட்டது மூன்று தடவை. அந்த நான்கையும் கணக்கில் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏனென்றால் குழுவாகப் போகும் பயணத்தைக் கடல் கெடுப்பதைவிட, கரையில் பேசாமல் விட்ட விஷயங்கள் கெடுப்பதுதான் அதிகம்.

ஆள் சேர்க்கும்போது

நாற்பதடிப் படகில் எட்டுப் பேர் படுக்கலாம் என்று வாடகை விளம்பரத்தில் போட்டிருக்கும். ஆறு பேரோடு நிறுத்துங்கள். ஈர உடை, காலணி, உயிர்காப்பு அங்கி, உணவுப்பை எல்லாம் கிடக்க இடம் வேண்டாமா?

ஆறு பேரில் ஒருவர் ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர். யாட்மாஸ்டர் அல்லது கோஸ்டல் ஸ்கிப்பர் சான்றிதழ் உள்ளவராக, இந்தக் கால்வாயை முன்பே கடந்தவராக இருக்கவேண்டும். வாடகைப் படகு என்றால் நிறுவனமே அவருடைய அனுபவப் பதிவைக் கேட்கும். கால்வாயைக் கடக்க அனுமதி உண்டா, காப்பீடு அக்கரை வரை செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால் படகை வீட்டுக்குக் கொண்டுவர இன்னொருவராவது இருக்கவேண்டும். புதியவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களும் ஐந்து நாள் காம்பிடென்ட் க்ரூ பயிற்சியாவது முடித்திருந்தால் நல்லது. கடலில் ஓட்டெடுப்பு கிடையாது, ஸ்கிப்பர் சொன்னால் சொன்னதுதான் என்பதை வாட்ஸப் குழு ஆரம்பிக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள். நெருங்கிய நண்பர்களுக்குள் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கவேண்டியவை: தினசரி மாத்திரை என்னென்ன, கடல் ஒத்துக்கொள்ளுமா, இரவில் கண் தெரியுமா. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "செவ்வாய்க்கிழமை காலை உனக்கு என்ன வேலை?" தவறவே விட முடியாத வேலை யாருக்காவது இருந்தால் அந்தப் பயணத்தில் அவர் வரவேண்டாம், அல்லது ஃபெரிக்கு காசு எடுத்துவைத்துக்கொண்டு வரட்டும். ஷெர்பூரிலிருந்து பூலுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் கப்பல் உண்டு. நான் பாதியில் திரும்பிய பயணத்தில் காற்று ஏறப்போவது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை நேர்முகத்தேர்வு. ஒரு நாள் தள்ளி ஞாயிறு போகலாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சனிக்கிழமையே கிளம்பி, நீடில்ஸைத் தாண்டி இரண்டு மணி நேரம் அலையில் அடிபட்டுத் திரும்பினோம். அவர் நேர்முகத்தேர்வுக்கும் போகவில்லை, காய்ச்சல்.

செலவைப் பொதுப்பையில் போடுங்கள்: வாடகை, டீசல், மெரினாக் கட்டணம், சாப்பாடு. நண்பர் ஒருவரின் சொந்தப் படகு என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பயணத்தின் நேரடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்; அதற்கு மேல் அவர் காசு வாங்கினால் அது உல்லாசப் படகு என்ற நிலையிலிருந்து வணிகப் படகாகிவிடும். சட்டமும் காப்பீடும் வேறாகிவிடும்.

இரண்டு படகுகளாகப் போனால் மெதுவாக ஓடும் படகு நேரத்தைத் தீர்மானிக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விஹெச்எஃப் என்ற படகு வானொலியின் 72ஆம் சேனலில் நிலையைச் சொல்லிக்கொண்டால் போதும். ஒருவரையொருவர் கண்ணில் வைத்துக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். முன்னே போகிறவன் காத்திருக்க, பின்னே வருகிறவன் பாயை மிஞ்சி விரிக்க, இருவருக்கும் கெடுதல்.

தேதி: அஷ்டமி நவமிதான் நல்ல நாள்

மூன்று நாள் வேண்டும். இங்கிலாந்தில் மே முதல் திங்கள், மே கடைசித் திங்கள், ஆகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. மே மாதக் கடைசியில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். முழுப் பயணத்தையும் பகலிலேயே முடிக்கலாம். ஆனால் கடல்நீர் 11, 12 டிகிரிதான். ஆகஸ்டில் நீர் 17, 18 டிகிரிக்கு வந்துவிடும், பகல் சுருங்கிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு மே மாதக் கடைசியைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் எந்த விடுமுறை என்பதைவிட என்ன திதி என்பது முக்கியம். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குள். ஷெர்பூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்வாயில் கிழக்கும் மேற்கும் பாய்கிறது. நம் மீனவர்கள் நீவாடு என்கிறார்களே, அதுதான். அமாவாசை, பௌர்ணமியில் நடுக்கால்வாயில் மணிக்கு 3 கடல் மைல் ஓட்டம் சாதாரணம். அரைநிலா முடிந்து ஓரிரு நாளில், அதாவது அஷ்டமி கழிந்து நவமி, தசமியில், அதில் பாதிதான் இருக்கும். ஊரில் அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கமாட்டார்கள். நாங்கள் நாட்காட்டியில் தேடிப் பிடிப்பதே அந்த நாட்களைத்தான். என் அம்மாவுக்கு இது பிடிப்பதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ஓட்டம் குறைந்த அந்த நாட்களில் போர்ட்ஸ்மத்தில் உச்சநீர், அதாவது கடல் முழுதும் ஏறி நிற்கும் நேரம், காலை ஆறு மணியை ஒட்டி வரும். உச்சநீருக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பிருந்தே மேற்குச் சோலன்டில், அதாவது லிமிங்டனுக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள நீரிணையில், தண்ணீர் மேற்கே, நீடில்ஸை நோக்கி, ஓடத் தொடங்கிவிடும். விடியற்காலையில் கிளம்பினால் ஓட்டமே உங்களை வெளியே தள்ளிவிடும்.

காகிதங்கள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு இது முன்போல் இல்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். படகில் போகிறோம், ஊருக்குள் இறங்கமாட்டோம் என்ற கதையெல்லாம் உதவாது. விசா சந்திப்பு கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். தேதி முடிவானதும் முதல் வேலை இது. திரும்பி வர பிரிட்டிஷ் இ-விசா கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் 180 நாளில் 90 நாள் என்ற கணக்கில் இந்தப் பயணமும் சேரும்.

பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போதும், பிரான்ஸிலிருந்து திரும்பக் கிளம்பும்போதும் எல்லைக் காவல் துறைக்கு இணையத்தில் உல்லாசப் படகு அறிக்கை அனுப்பவேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்குள், ஆனால் 2 மணி நேரத்துக்கு முன்பாக. எல்லோருடைய பாஸ்போர்ட் விவரமும் அதில் வரும். ஷெர்பூர் அங்கீகரிக்கப்பட்ட நுழைவுத் துறைமுகம். வருகையை எப்படித் தெரிவிப்பது, எங்கே பாஸ்போர்ட் காட்டுவது என்று மெரினா அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். படகின் பதிவுச் சான்று, காப்பீடு, வானொலி உரிமம் ஆகியவை அசலாகப் படகில் இருக்கவேண்டும். கொடிகள் மூன்று: பின்னால் சிவப்புப் பிரிட்டிஷ் கொடி, பிரெஞ்சுக் கடலில் வலப்பக்கக் குறுக்குக்கழியில் மூவண்ணம், அப்புறம், வேறு நாட்டிலிருந்து வருகிறோம் என்று சுங்கத்துக்குச் சொல்லும் மஞ்சள் க்யூ கொடி.

சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக்கூடாது. அதனால் தயிர்சாதத்தைக் கடலிலேயே முடித்துவிடவேண்டும், புளியோதரைக்குத் தடையில்லை. பழங்களில் பெரும்பாலானவை கூடாது, ஆனால் வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் விதிவிலக்கு. நமக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். திரும்பி வருகையிலும் பிரச்சினை: 2025 ஏப்ரலில், கோமாரி நோய் காரணமாக, ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரவும் பிரிட்டன் தடை போட்டது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் பாருங்கள்.

படகும் உயிர்காப்பும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் சுருக்கமாகச் செய்யக்கூடாது. ஆளுக்கொரு தானாக ஊதும் உயிர்காப்பு அங்கி, தொடை வார்ப்பட்டையோடும் விளக்கோடும். ஆளுக்கொரு பிணைப்புக் கயிறு. தெப்பப் படகின் சோதனைத் தேதி. கப்பல்கள் தம் இடத்தையும் போக்கையும் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி அனுப்புகிறதா, வாங்க மட்டும்தானா என்பதை மெரினாவில் இன்னொரு படகைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சேஃப்ட்ரெக்ஸ் செயலியில் பயணத்தைப் பதிந்து, கரையில் ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். இன்ஜின் எண்ணெய், பெல்ட், குளிர்நீர் வடிகட்டி மூன்றையும் வெள்ளிக்கிழமை மாலை கண்ணால் பார்க்கவேண்டும். காற்றில்லாவிட்டால் பன்னிரண்டு மணி நேரமும் அதுதான் ஓடும்.

உடையில் ஒரே விதி, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே மழையங்கி, கையுறை. மங்கி கேப் கொண்டுவந்தால் சிரிப்பார்கள்; நடுக்கடலில் காலை ஏழு மணிக்கு அதையே இரவல் கேட்பார்கள்.

ஓட்டக் கணக்கு

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பயணத் திட்டம் போடுவது சட்டப்படியே கடமை. 2002 ஜூலை முதல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் ஒப்பந்தத்தின் அந்தப் பகுதி சிறு படகுகளுக்கும் பொருந்தும். ஆனால் சட்டத்துக்காக அல்ல, இந்தக் கணக்கே ஒரு அழகு.

படகு தெற்கே போகிறது. ஓட்டமோ ஆறு மணி நேரம் மேற்கே, ஆறு மணி நேரம் கிழக்கே. புதியவர்கள் ஜிபிஎஸ் திரையில் உள்ள நேர்க்கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போவார்கள். முதல் ஆறு மணி நேரம் மேற்கோட்டத்தை எதிர்த்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கிழக்கே திருப்பி, அடுத்த ஆறு மணி நேரம் கிழக்கோட்டத்தை எதிர்த்து மேற்கே திருப்பி, ஓட்டத்தோடு மல்லுக்கட்டியே வேகத்தை இழப்பார்கள். ஓட்டம் தள்ளுகிற பக்கம் படகை விட்டுவிடுங்கள். அது முதலில் மேற்கே ஒதுங்கி, பிறகு தானே கிழக்கே திரும்பி, கடைசியில் வாயிலுக்கு வந்து சேரும். போன தடத்தை வரைந்தால் வளைந்த பாம்புபோல இருக்கும். நீங்கள் பிடித்த திசை மட்டும் ஒன்றே.

அந்த ஒரு திசையைக் கண்டுபிடிப்பது எப்படி? அட்மிரால்டி ஓட்ட வரைபடங்களில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்தந்த மணியில் நீங்கள் எங்கே இருப்பீர்களோ அந்த இடத்து அம்பைப் படித்து, பன்னிரண்டு வரிகள் எழுதுங்கள். ஓட்டம் குறைந்த நாளுக்கு ஒரு மாதிரி: முதல் ஆறு மணி நேரத்தில் மேற்கே மொத்தம் 7 மைல் தள்ளுகிறது. பிரெஞ்சுக் கரையை நெருங்க ஓட்டம் வலுக்கும் என்பதால் அடுத்த ஆறில் கிழக்கே 9 மைல். மிச்சம் கிழக்கே 2 மைல். அப்படியானால் வாயிலுக்கு 2 மைல் மேற்கே குறிவைக்கவேண்டும். 60 மைல் தூரத்தில் ஒரு மைல் விலகல் என்பது சுமாராக ஒரு டிகிரி. நம் தூரமே 60 மைல்தானே, அதனால் 2 மைலுக்கு 2 டிகிரி மேற்கே. பன்னிரண்டு வரி கூட்டல் கழித்தலில் வந்த விடை இவ்வளவுதான்.

படகு நினைத்ததைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் கூட்டல் மாறும். பத்து மணி நேரத்தில் போய்விடுவீர்கள் என்றால் கிழக்கோட்டம் நான்கு மணி நேரம்தான் கிடைக்கும், மேற்கே ஒதுங்கியே நிற்பீர்கள். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் கணக்குப் போடுங்கள். இதை ஒரே ஆள் செய்யாமல், ஒவ்வொரு காவல் முறைக்கும் ஒருவர் பென்சில் பிடிக்கட்டும். குழுவாகப் போவதில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்: மேசையைச் சுற்றி நாலு பேர், நாலு விடை, யார் எங்கே பிசகினார்கள் என்ற சண்டை.

ஒரு பொறி. நீர்மட்ட அட்டவணைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். பிரிட்டனின் கோடைக்கு ஒரு மணி கூட்டவேண்டும், பிரான்ஸுக்கு இரண்டு. பிரெஞ்சு மெரினாவில் ஒட்டியிருக்கும் தாளில் கோடை நேரம் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கலாம். ஒருமுறை நான் அதற்கும் மேல் ஒரு மணி கூட்டிவிட்டேன். படகில் ஒரே ஒரு கடிகாரம், பிரிட்டிஷ் நேரத்தில், என்பது அதற்குப் பிறகு எங்கள் குழுவின் சட்டம்.

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி

போவதா வேண்டாமா என்பதை எப்போது, யார், எந்த அளவுகோலில் முடிவு செய்வது என்று இரண்டு வாரம் முன்பே எழுதிவையுங்கள். எங்கள் விதி: வியாழன் இரவு ஒன்பது மணி, ஸ்கிப்பர் மட்டும். போகும் நாளுக்கோ திரும்பும் நாளுக்கோ வைட் கடற்பகுதி முன்னறிவிப்பில் காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 வந்தால் போவதில்லை. 5 என்றால் திசையைப் பார்க்கவேண்டும். மூடுபனி வாய்ப்பு என்றால் போவதில்லை. கப்பல்கள் நிறைந்த கடலில் கண் தெரியாமல் நிற்பது காற்றைவிடப் பயங்கரம்.

இங்கே வழக்கமாக வீசுவது தென்மேற்குக் காற்று. எங்கள் ஊர்க் கச்சான் போலத்தான், குளிர் மட்டும் கூட. தெற்கே போக அது ஓரளவு எதிர்ப்பக்கம், திரும்ப வர நல்ல துணை. நேர் தெற்குக் காற்றென்றால் முகத்தில் அடிக்கும், 60 மைல் 80 ஆகும். 4 அளவில் மேற்குக் காற்று கிடைத்தால் கேள்வியே வேண்டாம். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும் ஆறு மணி நேரத்தில் அதே 4 வேறு முகம் காட்டும். அலை குட்டையாக, செங்குத்தாக எழும்.

திரும்பும் நாளை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போகிற நாள் நன்றாக இருந்து, திங்கட்கிழமை கெட்டால்தான் "எப்படியாவது போய்விடலாம்" என்ற பேச்சு வரும்.

மாற்றுத் திட்டம் கேவலமானது அல்ல. யார்மத்துக்கோ பூலுக்கோ போய் நங்கூரமிட்டு இரண்டு நாள் சமைத்துச் சாப்பிட்டு வரலாம். கிளம்பாமல் விட்ட மூன்று தடவையில் ஒன்று எங்கள் குழுவின் மிக நல்ல வாரயிறுதியாக இன்னும் பேசப்படுகிறது. யாரோ இட்லித்தட்டு கொண்டுவந்திருந்தார்கள்.

வெள்ளி மாலை

எல்லோரும் ஏழு மணிக்குள் படகில். பாஸ்போர்ட்டுகளை மேசையில் பரப்பி எண்ணுங்கள். ஆறு பேர், ஐந்து பாஸ்போர்ட் என்பது நடந்திருக்கிறது. பேசிங்ஸ்டோக் வரை கார் போய் வந்தது. ஒவ்வொருவரும் அங்கியை மாட்டிச் சரிசெய்து, கழிப்பறை அடைப்பான், எரிவாயு அடைப்பான், தீயணைப்பான், தெப்பம், அவசர அழைப்புப் பொத்தான் எங்கே என்று தொட்டுக் காட்டவேண்டும். சொல்லிக்கொடுத்தால் போதாது, தொடவேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் யார் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது, யார் பொத்தானை அழுத்துவது என்றும் பேசிவிடுங்கள்.

வாந்தி வரும் உடம்பு என்றால் மருந்தை இன்றிரவே தொடங்கவேண்டும். சின்னரிசின் பலருக்கு ஒத்துப்போகிறது, மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் மற்ற மாத்திரைகளைச் சொல்லிக் கேளுங்கள். மது வேண்டாம். இஞ்சி மரப்பா பையில் இருக்கட்டும். மதிய உணவை இப்போதே பொட்டலமாகக் கட்டுங்கள்: நல்லெண்ணெய் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, வாழைப்பழம். அலையில் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குகிறவர்தான் முதலில் விழுவார்.

கடக்கும் நாள்

காலை ஐந்து மணி. லிமிங்டன் ஆற்றில் கண்ணாடிபோல நீர், ஃபெரித்துறை விளக்குகள். அரை மணியில் சோலன்டுக்கு வந்ததும் படகு தானாக வேகமெடுக்கும். ஹர்ஸ்ட் கோட்டை முனையில் மொத்தச் சோலன்டும் ஒரு மைலுக்குள் குறுகி வெளியேறுகிறது. படகு தண்ணீரில் 5 ஓட, ஓட்டமும் சேர்ந்து ஜிபிஎஸ் 8 காட்டும். கோட்டைச் சுவர் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். வலப்பக்கம் ஷிங்கில்ஸ் கூழாங்கல் திட்டு. பால்போல நுரைத்துக் கிடக்கும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால் இந்த வாய்க்காலே கொந்தளிக்கும். நீடில்ஸ் கலங்கரை விளக்கம் 1859இல் கட்டியது, சிவப்பு வெள்ளைப் பட்டை. அதைக் கடந்து பிரிட்ஜ் மிதவையைத் தாண்டியதும் கணக்கில் வந்த திசையைப் பிடியுங்கள். நேரத்தையும் தூரமானியையும் குறித்துவையுங்கள்.

காவல் முறை இரண்டிரண்டு பேராக, மூன்று மணி நேரம். ஒருவர் சுக்கான், ஒருவர் கண். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் படுத்துவிடுவது நல்லது. முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, பேச்சு நின்றுபோனவரைப் பார்த்தால் சுக்கானைக் கொடுங்கள். அடிவானத்தைப் பார்த்து ஓட்டுவதுபோல மருந்து வேறில்லை. விளிம்பில் குனிந்து வாந்தியெடுக்கும்போது பிணைப்புக் கயிறு கட்டாயம். ஆட்கள் விழுவது அப்போதுதான்.

மூன்று, நான்கு மணி நேரத்தில் கப்பல்கள். சாலையில் பிரிட்டன் இடப்பக்கம், கடலில் எல்லோரும் வலப்பக்கம். அதனால் தெற்கே போகிற உங்களுக்கு முதலில் மேற்கே போகும் கப்பல்கள் இடப்பக்கமிருந்து வரும்; நடுவில் கொஞ்சம் ஓய்வு; பிறகு கிழக்கே போகிறவை வலப்பக்கமிருந்து. எதிரெதிர்க் கப்பல்களுக்குத் தனித்தனி வழி பிரித்துவைத்த காஸ்கெட்ஸ் போக்குவரத்துப் பிரிப்புத் தடத்துக்கு நம் கோடு கிழக்கே இருப்பதால், கப்பல் வழியைச் செங்குத்தாகவே கடக்கவேண்டும் என்ற அங்குள்ள விதி இங்கே இல்லை. ஆனால் கப்பல்கள் அதே வரிசையில்தான் வருகின்றன. பாய்க்கு வழிவிடவேண்டியது இயந்திரக் கப்பல் என்று விதி சொல்கிறது. அதை நம்பிக் குறுக்கே நிற்காதீர்கள்.

ஒரு கணக்கு: மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் 6 மைல் தொலைவில் கண்ணில் பட்டால், இருபதே நிமிடத்தில் உங்கள் இடத்தில் இருக்கும். ஏஐஎஸ் திரையில் நெருங்கும் தூரம் ஒரு மைலுக்குள் காட்டினால் அப்போதே முடிவெடுங்கள். கை திசைகாட்டியால் பார்க்கும்போது கப்பலின் திசை மாறாமல் அப்படியே இருந்தால் அது மோதும் பாதை. ஒரு தடவை கார் ஏற்றும் கப்பல் ஒன்று, ஜன்னலே இல்லாத பத்து மாடிக் கட்டடம்போல, 112 டிகிரியில் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து 112. இன்னும் மூன்று நிமிடம், 111. திரையில் 0.2 மைல். திசையை நாற்பது டிகிரி திருப்பி அதன் வாலைக் குறிவைத்தோம். இரண்டு மூன்று டிகிரியாக நெளித்தால் அவர்களுக்கு நம் எண்ணம் புரியாது. திருப்பினால் தெரியத் திருப்பவேண்டும். அது கடந்த பிறகு டீசல் வாடை கொஞ்ச நேரம் பாயிலேயே தங்கியிருந்தது.

ஷெர்பூர் வாயில்

கடைசிப் பத்து மைலில்தான் நல்ல மாலுமிகளும் கோட்டைவிடுகிறார்கள். கரை தெரிகிறது, பசிக்கிறது, எல்லோரும் கைப்பேசியை எடுக்கிறார்கள். ஓட்டமோ இங்கேதான் மிக வலு. மேற்கே லா ஹேக் முனை, கிழக்கே பார்ஃப்ளர் முனை, இரண்டின் நீரும் இந்தக் கரையை உரசிக்கொண்டு ஓடுகிறது. ஓட்டம் கிழக்கே என்றால் நீங்கள் வாயிலுக்கு மேற்கே நிற்கவேண்டும், மேற்கே என்றால் கிழக்கே. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். எங்கள் இரண்டாம் பயணத்தில் இரண்டு மைல் கிழக்கே இழுபட்டுப்போய், அந்த இரண்டு மைலை இன்ஜினும் போட்டு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலானது. நண்டுப்பொறி மிதவைகளும் ஏராளம். ஒருவர் முன்னால் நின்று பார்க்கட்டும்.

மேற்கு வாயிலில் கோட்டை ஒன்று காவல் நிற்கிறது. அலைதடுப்புச் சுவரை 1783இல் தொடங்கி 1853இல்தான் முடித்தார்கள். நடுச்சுவர் மட்டுமே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் நுழைந்த கணத்தில் அலை அடங்கும். அப்புறம் உள்துறைமுகம், ஃபெரிகளும் கடற்படைக் கப்பல்களும் வரும் வழி, ஓரமாகப் போங்கள். ஷாண்ட்ரேன் மெரினாவுக்கு எந்த நீர்மட்டத்திலும் போகலாம், விஹெச்எஃப் 9. கயிறு கட்டியதும் முதல் வேலை அலுவலகம், பாஸ்போர்ட். பீர் அதன் பிறகு.

ஞாயிறு

ஊருக்கு ஒரு நாள் போதும். கடல் நகரம் என்ற பெயரில் பழைய அட்லாண்டிக் பயணிகள் நிலையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. லு ரெடூட்டாப்ள் அணுநீர்மூழ்கிக்குள்ளேயே நடந்து பார்க்கலாம். 1912 ஏப்ரல் 10 மாலை டைட்டானிக் இந்தத் துறைமுகத்தில் நின்று பயணிகளை ஏற்றிப் போனது. எல்லோரும் பகலில் தூங்கவும் வேண்டும். மாலையில் ஸ்கிப்பர் மறுநாள் வானிலையைப் பார்ப்பார். வியாழன் விதியே இங்கும். சரியில்லை என்றால் படகைக் கட்டிப்போட்டு ஃபெரி. மெரினாவுக்குக் கூடுதல் நாள் காசு கொடுப்பதில் வருத்தம் வேண்டாம்.

திரும்புதல்

திரும்பும்போது கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும்: நீடில்ஸில் எப்போது இருக்கவேண்டும் என்று தொடங்கிப் பின்னோக்கி. ஓட்டம் குறைந்த நாட்களில் உச்சநீர் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே தள்ளிப்போகும். சனி காலை ஆறென்றால் திங்கள் எட்டரை வாக்கில். அதற்கு நாலரை மணி நேரம் கழித்து, அதாவது பகல் ஒன்றை ஒட்டி, மேற்குச் சோலன்டில் தண்ணீர் உள்ளே திரும்பும். மாலை ஏழு வரை ஓடும். நாலு மணிக்கு நீடில்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஷெர்பூரை விடியற்காலை நாலுக்கு விடவேண்டும். தாமதமாகி அந்த ஓட்டத்தை விட்டுவிட்டால் ஹர்ஸ்டில் முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தீவின் கிழக்குப் பக்கம் சுற்றி போர்ட்ஸ்மத் போவதோ வெளியே காத்திருப்பதோ மேல்.

உல்லாசப் படகு அறிக்கையை முந்தின இரவே அனுப்பிவிடுங்கள். கரைக்கு 12 மைலில் க்யூ கொடி ஏறவேண்டும். யார் ஏற்றுவது என்பதற்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: போகும்போது அதிகம் வாந்தியெடுத்தவர். வாங்கிய காமம்பேர் பாலாடைக்கட்டி மிச்சமிருந்தால் அதற்குள், அணியத்தில் உட்கார்ந்து ரொட்டியோடு தீர்த்துவிடவேண்டும். கடைசித் துண்டுக்கு யாரும் கை நீட்டாமல் ஐந்து நிமிடம் போகும்.

லிமிங்டனில் கட்டியதும் டீசல் நிரப்பி, பொதுப்பையைக் கணக்குப் பார்த்து, மிச்சத்தை அங்கேயே பிரித்துக் கொடுங்கள். அப்புறம் வாட்ஸப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இருபத்தேழு பவுண்ட் ஒன்று இரண்டு வருஷமாக என்னிடமே இருக்கிறது.